வெறும் சளிதான்

அத்தியாயம் 14

ஹேவ்லாக் தீவுக்கு நான்கு டிக்கெட் போட்டு முடிக்கவே ரேஷ்மாவுக்கு ஐந்து மாதம் ஆயிற்று.

இரண்டு பேருக்காக ஆரம்பித்த பயணம் அது. அவளும் ஜஸ்டினும் அந்தமானுக்குப் போய், கடலுக்கடியில் ஒரே ஒரு முறை இறங்கிப் பார்த்துவிட்டு வருவதாக இருந்தது. ஜனவரியில் மாமனார் இருதயராஜ், "ஏன், எங்களுக்கெல்லாம் கடல் ஆகாதா?" என்று கேட்டார். பிப்ரவரியில் மாமியார் ஆக்னஸ் தேதியை மாற்றினார். மார்ச்சில் மறுபடியும் மாற்றினார். போன வாரம், பெட்டி பதினைந்து கிலோவைத் தாண்டக் கூடாது என்று ரேஷ்மா சொல்லப்போய், குக்கரை எடுத்துப் போவதா வேண்டாமா என்பதில் வீடே இரண்டாகப் பிரிந்தது நினைவிருக்கும். குக்கர்தான் ஜெயித்தது.

இன்று சனிக்கிழமை. புறப்பட இன்னும் ஒன்பது நாள்.

குளித்துவிட்டு வந்த ரேஷ்மா, சாப்பாட்டு மேசையைப் பார்த்து நின்றாள். நான்கு தாள்கள் வரிசையாகக் கிடந்தன. ஆக்னஸ் பேனாவை மூடிக்கொண்டிருந்தார்.

"நாலு பேருக்கும் முடிச்சிட்டேன்" என்றார். "எல்லாத்துக்கும் 'இல்லை'. பாதி வியாதி பேரு வாயிலயே நுழையல. இல்லாத வியாதிக்கு என்ன யோசனை?"

டைவிங் பள்ளி அனுப்பியிருந்த உடல்நலப் படிவம் அது. ஆளுக்கு ஒன்று. இன்று மாலை ஏழு மணிக்குள் கையெழுத்துப் போட்டு, படம் எடுத்து அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் காத்திருக்கும் வேறு யாருக்காவது இடம் போய்விடும். மே மாதக் கடைசி என்பதால் எல்லா நாளும் நிரம்பியிருந்தது. அதற்குப் பிறகு மழைக்காலம்.

"மாமாவுக்கு பிரஷர் இருக்கே, அத்தை."

"மாத்திரை போடுறாருல்ல. அவரு மேலயே மெதக்கப் போறாரு. அதுக்கு எதுக்கு பிரஷரு?"

ஹாலில் இருந்த இருதயராஜ் இதற்கு ஏதோ பதில் சொன்னார். ஒன்றும் புரியவில்லை. நீச்சல் கண்ணாடியை மூக்கோடு சேர்த்து மாட்டிக்கொண்டு, தண்ணீரில் மூச்சுவிடும் பிளாஸ்டிக் குழாயை வாயில் கவ்வியபடி செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நாளாக இதே பயிற்சிதான். ஆவடி ஃபேக்டரியில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் முன்கூட்டியே பழகிவிட வேண்டும் அவருக்கு.

"கழட்டிட்டுப் பேசுங்க" என்றார் ஆக்னஸ்.

கழற்றினார். "மீசை இருந்தா இதுக்குள்ள தண்ணி பூருமாம். அந்த டைவிங் ஸ்கூல் பொண்ணு சொல்லுது. மீசையை எடுத்துட்டு நான் கடல் பாக்கணுமா?"

"அந்த மீசைய மீன் பாத்து என்ன பண்ணப் போவுது."

ரேஷ்மா தன் தாளை எடுத்தாள். ஒன்பதாம் கேள்வி. ஆஸ்துமா, மூச்சிரைப்பு, இன்ஹேலர் பயன்பாடு, இவற்றில் எதுவும் எப்போதாவது இருந்ததா?

'இல்லை' என்ற கட்டத்தில் ஆக்னஸின் நீல மை, அழுத்தமாக, சற்று வெளியே வழிந்த ஒரு டிக்.

"ஜஸ்டின் காலையிலேயே கையெழுத்து போட்டுட்டு ஆபீஸ் போயிட்டான்" என்றார் ஆக்னஸ். "நீயும் போட்டா அனுப்பிடலாம். அப்புறம் அந்தப் பொண்ணுகிட்ட ஒண்ணு கேளு. அந்த ரப்பர் டிரஸ்ஸ சுடிதாருக்கு மேல போட்டுக்கலாமான்னு."

"தலை காயட்டும் அத்தை, போடுறேன்" என்றாள் ரேஷ்மா.

*

ரேஷ்மா படித்தது கடல் உயிரியல். முதுகலை ஆய்வுக்காக, யாரோ எடுத்து அனுப்பிய பவளப்பாறைப் புகைப்படங்களைக் கணினியில் பெரிதாக்கி, கட்டம் கட்டமாக எண்ணினாள். ஆறு மாதத்தில் நாற்பதாயிரம் பவள உயிரிகள். உயிரோடு ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. இப்போது அம்பத்தூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் கேன் தண்ணீரைச் சோதிக்கிறாள். அந்தத் தண்ணீரில் எதுவும் இருக்கக் கூடாது. எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுப்பதுதான் வேலை.

அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளவும் முடியாது. "போயிட்டு வந்து ஒரு நல்ல சேதி சொல்லுங்க" என்று ஆக்னஸ் இரண்டு முறை சொல்லியாயிற்று. வயிற்றில் பிள்ளையோடு யாரையும் கடலுக்கடியில் இறக்க மாட்டார்கள். அதன்பின் பால் புட்டி, பள்ளிக்கூடம், பரீட்சை. இந்த மே போனால் போனதுதான்.

மூச்சிரைப்பு எட்டு வயதில் தொடங்கியது. வீட்டில் அதற்கு ஆஸ்துமா என்ற பெயர் ஒருநாளும் வைக்கப்படவில்லை. டாக்டர் சொன்னார். அம்மா தலையாட்டினார். கிளினிக் வாசலைத் தாண்டியதும் அது சளியாகிவிட்டது. பள்ளியில் சளி, கல்லூரியில் சளி. பெண் பார்க்க வந்த அன்று சளிகூட இல்லை.

கல்யாணமாகிப் பதினான்கு மாதம். இன்ஹேலர், நாப்கின் வைக்கும் ஊதா நிறப் பையில் இருந்தது. அந்தப் பையை யாரும் திறக்க மாட்டார்கள். கடைசியாக அதை எடுத்தது போகி அன்று. அவர்கள் குடியிருக்கும் நூம்பல் முழுக்க டயர் புகை மூடியிருந்தபோது, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் இரண்டு முறை இழுத்தாள்.

மற்ற நாட்களில் இந்த வீட்டில் தொந்தரவு இல்லை. கொசுவர்த்தி ஏற்றுவதில்லை. சாம்பிராணி கிடையாது. மிளகாய் வறுப்பதுகூட பால்கனியில், கதவைச் சாத்திக்கொண்டுதான். வந்த புதிதில் அதைத் தன் அதிர்ஷ்டம் என்று நினைத்தாள்.

தாளை மடித்து எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நின்று டைவிங் பள்ளிக்குப் போன் செய்தாள். எப்போதும் பேசும் பவ்யாதான் எடுத்தாள். அந்தமானிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். பின்னால் கோழி கத்துவது கேட்டது.

"ஒரு சந்தேகம். ஒன்பதாவது கேள்விக்கு ஆமானு போட்டா என்ன ஆகும்?"

"யாருக்கு மேடம்?"

"ஒரு ஃபிரண்டுக்கு."

"உங்க புக்கிங்ல நாலு பேருதான் இருக்கீங்க. நாலும் ஃபேமிலி."

ரேஷ்மா தொட்டியின் மறுபக்கம் நகர்ந்தாள்.

"பரவால்ல மேடம், எல்லாரும் ஃபிரண்டுக்குத்தான் கேப்பாங்க" என்றாள் பவ்யா. "ஆமான்னா நெஞ்சு டாக்டர்கிட்ட போய், ஊதிப் பாக்குற டெஸ்ட் எடுத்து, டைவ் பண்ணலாம்னு கையெழுத்து வாங்கணும். டாக்டர் வேணாம்னா வேணாம்தான். மேலேர்ந்து கண்ணாடி போட்டுப் பாக்கலாம்."

"இல்லைனு போட்டுட்டு வந்தா?"

"நாங்க நம்பிருவோம். தண்ணிதான் நம்பாது."

ரேஷ்மாவுக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. அங்கே இழுத்த மூச்சு, மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். விரிந்த காற்று வெளியேற வழி வேண்டும். சுருங்கிய மூச்சுக்குழாய் வழி விடாது. பிளஸ் ஒன் இயற்பியல் போதும், நுரையீரல் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள.

அடுத்து அம்மாவுக்குப் போன் செய்தாள். ஆவடியில் இருக்கும் அம்மா, முழுவதும் கேட்டுவிட்டு ஒரே மூச்சில் பேசினார்.

"எவனோ தீவுல இருக்கறவனுக்கு உன் உடம்பப் பத்தி என்ன? இல்லைனு போட்டாச்சுல்ல, விடு. நீயா போட்ட? உன் மாமியார்தானே போட்டாங்க."

"அவங்களுக்குத் தெரியாதும்மா. அதனால போட்டாங்க."

"தெரியாம இருக்கறது நல்லதுக்குத்தான். உனக்கு என்ன ஆஸ்துமாவா? வெறும் சளிதான்."

"அப்ப நான் சளியோட கீழ இறங்குறேன். பரவால்லையா?"

"ஏன்டி இப்படிப் பேசுற? இறங்காத. கால் வலிக்குது, தலை சுத்துதுன்னு போட்லயே உக்காந்துக்கோ. ஒரு பொய் சொல்லத் தெரியாதா உனக்கு?"

ரேஷ்மா போனை வைத்தாள். ஐந்து மாதம். இரண்டு முறை தேதி மாற்றி, இரண்டு முறையும் அபராதம் கட்டி, குக்கருக்கு இடம் விட்டு, எல்லாம் செய்தது படகில் உட்கார்ந்து தலை சுற்றுவதற்கு. கடலுக்குள் இறங்க ஆசையே இல்லாத மூன்று பேருக்கும் ஒன்பதாம் கேள்வியின் 'இல்லை' சரியாகப் பொருந்துகிறது. ஆசைப்பட்ட ஒருத்திக்குத்தான் பொருந்தவில்லை.

தாளை எச்சில் தொட்டு அழித்துப் பார்த்தாள். மை பரவியது. டிக் அப்படியே இருந்தது.

*

மாலை நாலரை மணிக்கு ஆக்னஸ் பால்கனியில் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தார். தீவுக்கு எடுத்துப் போக இட்லிப் பொடி. அங்கே இட்லி கிடைக்கும் என்று சொல்லியாயிற்று. பொடி கிடைக்குமா என்று கேட்டார்.

ரேஷ்மா கதவைத் திறந்துகொண்டு போய் நின்றாள்.

"உள்ள போ. கமறும்" என்றார் ஆக்னஸ்.

"அத்தை, ஒன்பதாவது கேள்விக்கு என் ஃபாரத்துல தப்பா போட்டிருக்கீங்க."

"எது?"

"எனக்கு ஆஸ்துமா இருக்கு."

அந்த வார்த்தையை அவள் வாய்விட்டுச் சொன்னது இதுவே முதல் முறை. சொன்ன பிறகு அது அவ்வளவு பெரிய வார்த்தையாகத் தெரியவில்லை.

ஆக்னஸ் அடுப்பை அணைத்தார். கரண்டி கையிலேயே இருந்தது.

"எத்தன வருஷமா?"

"எட்டு வயசுலேர்ந்து."

"உங்க அம்மா சொல்லலையே."

"சொல்லல. நானும் சொல்லல."

திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. ஆக்னஸ் வாணலியையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகம் வெளுத்திருந்தது. கோபத்தில் முகம் இப்படியும் ஆகும் போலிருக்கிறது என்று ரேஷ்மா நினைத்தாள்.

"ஜஸ்டினுக்குத் தெரியுமா?"

"அவங்களுக்கும் தெரியாது."

வீட்டில் எல்லோர் முன்னாலும் கணவனை அவள் 'நீங்க', 'அவங்க' என்றுதான் சொல்வாள். அறைக் கதவைச் சாத்திய பிறகு அது 'நீ' ஆகிவிடும்.

"டாக்டர் கையெழுத்து இருந்தா இறங்கலாமாம். இன்னிக்கே வாங்கணும்" என்றாள். "இல்லைனா என் பேரை எடுத்துடச் சொல்லிடுறேன். நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க."

"நீ இல்லாம நாங்க எதுக்குடி அங்க போறோம்?" ஆக்னஸ் கரண்டியை வைத்தார். இதுவரை ரேஷ்மாவை அவர் 'டி' போட்டதில்லை. "பொடவ மாத்திக்கிட்டு வர்றேன். நசரத்பேட்டைல ஒரு லேடி டாக்டர் இருக்காங்க. அங்க போவோம்."

"நெஞ்சு டாக்டர்தான் வேணுமாம். குமணன்சாவடியில ஒருத்தர் இருக்காருன்னு நெட்ல பாத்தேன்."

"அங்க வேணாம். ஒரே கூட்டம். நசரத்பேட்டைக்கே போவோம்."

ஹாலைக் கடக்கும்போது இருதயராஜ் கண்ணாடி வழியாக இருவரையும் பார்த்தார். "எங்க?" என்பதுபோல ஒரு சத்தம் குழாய்க்குள்ளிருந்து வந்தது.

"சும்மா. சளி" என்றார் ஆக்னஸ்.

*

தெருமுனையில் வேம்புலியின் ஆட்டோ நின்றது. அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் அவர்தான்.

"நசரத்பேட்டை லேடி டாக்டரா?" என்றார் வேம்புலி, வண்டியை எடுத்துக்கொண்டே. "அது சனிக்கெளம பூட்டிகினு பூடும்மா. காலீல ஒரு சவாரி இட்டுகினு போய்ட்டு சும்மா திரும்பி வந்தேன். இன்னா உடம்புக்கு?"

"மூச்சு, அண்ணா" என்றாள் ரேஷ்மா. ஒரு முறை சொன்னபின் இரண்டாவது முறை சுலபமாக இருந்தது.

"மூச்சுக்கு அங்க இன்னாத்துக்கு போற? குமணன்சாவடில நெஞ்சு டாக்டரு கீறாரு. எங்க மாமனுக்கு அவருதான் பாத்தாரு. கைராசிக்காரரு."

"வேணாம், நசரத்பேட்டைக்கே விடுங்க" என்றார் ஆக்னஸ். "தொறந்திருந்தாலும் தொறந்திருக்கும்."

"நான்தான் சொல்றேனேம்மா, பூட்டு தொங்குது. பூட்டாண்ட போயி மருந்து கேப்பியா?"

மணி ஐந்தேமுக்கால். பெங்களூர் ரோட்டில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றிருந்தன. ரேஷ்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. இந்த ஐந்து மாதத்தில் அத்தை மாற்றிய ஒவ்வொரு தேதியும் நினைவுக்கு வந்தது. இப்போது டாக்டரையும் அவர்தான் முடிவு செய்ய வேண்டுமா?

"குமணன்சாவடிக்கே போங்க அண்ணா" என்றாள்.

ஆக்னஸ் அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு முந்தானையை இழுத்து மூக்கை மூடிக்கொண்டு சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். 

கிளினிக் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, முதல் மாடியில் இருந்தது. பத்துப் பதினைந்து நாற்காலிகள். ஒரு குழந்தை முகத்தில் மூடியை வைத்து நெபுலைசர் இழுத்துக்கொண்டிருந்தது. டோக்கன் கொடுக்கும் மேசைக்குப் பின்னால் ஐம்பது வயதில் ஒரு பெண்மணி. சட்டையில் ராஜகுமாரி என்று பெயர் குத்தியிருந்தது.

ரேஷ்மா பெயரைச் சொன்னாள். வயதைச் சொன்னாள். ஆக்னஸ் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா தொந்தரவு?"

"ஆஸ்துமா. கடல்ல டைவ் பண்ணப் போறேன். ஊதிப் பாத்து சர்ட்டிபிகேட் வேணும்."

ராஜகுமாரி பேனாவை நிறுத்தினார். "மூச்சு உடவே முடியலன்னுதான் இங்க வருவாங்க. நீ மூச்சப் புடிச்சிகினு கடல்ல குதிக்கப் போறியா? நல்லா கீது." சிரித்துக்கொண்டே டோக்கனைக் கிழித்துக் கொடுத்தார். ஏழு. "கூட யாரு வந்துகிறாங்க?"

ரேஷ்மா திரும்பிக் கையைக் காட்டினாள்.

ராஜகுமாரி எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அட, ஜஸ்டின் அம்மா. இன்னாம்மா, எங்கள மறந்தே பூட்டீங்க? தம்பி எப்டி கீறாரு? மூணு வருசம் இருக்குமா பாத்து? கல்யாணம் கட்டிகிச்சா? இன்னும் அந்த பம்ப்பு இழுத்துகினுதான் கீதா?"



ஆக்னஸ் குனிந்துகொண்டார். மடியில் இருந்த கைப்பையின் ஜிப்பை மூடினார். மூடியிருந்ததை மறுபடி மூடினார்.

ரேஷ்மா டோக்கனோடு நடந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொசுவர்த்தி இல்லாத வீடு. சாம்பிராணி இல்லாத வீடு. பால்கனியில் வறுக்கும் மிளகாய். எதுவும் அவளுடைய அதிர்ஷ்டம் இல்லை. எல்லாம் அவளுக்கு முன்பே, வேறொருவனுக்காகச் செய்து வைத்த ஏற்பாடு.

"அவனுக்கு ஆஸ்துமா எல்லாம் இல்லம்மா" என்றார் ஆக்னஸ் மெதுவாக. "வெறும் சளிதான்."

அம்மாவின் குரல் அப்படியே. ஒரு சொல்கூட மாறவில்லை.

ரேஷ்மாவுக்குக் கோபம் வந்தது. அதே பொய்யை அதே அளவில் தானும் சொல்லியிருந்ததால், அந்தக் கோபத்தை வைக்க இடம் இல்லாமல் இருந்தது. போகி அன்று அவள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டிருந்தபோது ஜஸ்டின் எங்கே இருந்தான்? கடைக்குப் போவதாகச் சொல்லிக் காரை எடுத்துக்கொண்டு போனான். இரண்டு மணி நேரம் கழித்து வந்தான். கையில் எதுவும் வாங்கி வரவில்லை.

அனுப்புவதற்காகத் தன் கைப்பையில் எடுத்து வந்திருந்த நான்கு படிவங்களில் ஜஸ்டினுடையதை எடுத்தாள். ஒன்பதாம் கேள்விக்கு 'இல்லை'. அந்த டிக் மட்டும் நீலத்தில் இல்லை. கறுப்பு மை. சின்னதாக, கட்டத்துக்குள் அடங்கி, கவனமாகப் போட்டது. அது ஆக்னஸின் கை இல்லை.

"இத நீங்க போடல" என்றாள்.

"அந்த ஒண்ண மட்டும் விட்டுட்டேன்" என்றார் ஆக்னஸ். "கை வரல. அவனே பாத்து போட்டுகிட்டான்."

அப்படியென்றால் படித்திருக்கிறான். படித்துவிட்டு, பேனாவை எடுத்திருக்கிறான்.

போன் அதிர்ந்தது. ஜஸ்டின்தான்.

"ஃபாரமெல்லாம் அனுப்பியாச்சா ரேஷ்? ஆறரை ஆவுது. அப்புறம் இடம் போச்சுன்னா வருஷம் பூரா நீ மூஞ்சியத் தூக்கி வெச்சிக்குவ."

"நீ எனக்காகத்தான் கீழ இறங்க ஒத்துக்கிட்டியா?"

'நீ' என்றதும் ஆக்னஸ் நிமிர்ந்தார்.

"ஏன் திடீர்னு? ஆமா, உனக்காகத்தான். உனக்கு ஆசைன்னு."

"பன்னிரண்டு மீட்டர் ஆழம் ஜஸ்டின்."

"அதுக்கென்ன?"

"நான் குமணன்சாவடியில இருக்கேன். மருந்துக்கடை மாடியில. ராஜகுமாரி அக்கா உன்ன விசாரிச்சாங்க."

மறுமுனையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. கதவு ஒன்று திறந்து மூடியது. பிறகு மூச்சு மட்டும் கேட்டது. இழுத்தது, நின்றது, வெளியே வரச் சற்று நேரம் எடுத்துக்கொண்டது.

பதினான்கு மாதம் பக்கத்தில் படுத்தும் அந்த மூச்சை அவள் கவனித்துக் கேட்டதில்லை. இப்போது எண்ணத் தொடங்கினாள்.

"டோக்கன் ஏழு" என்றார் ராஜகுமாரி.